மயில்துத்தம் போடாத பசை

சோப்பு டப்பாவுக்கு ஜாதகம் எழுதும் வேலை எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வீடு விருதுநகரில்; சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கொள்முதல் பார்க்கிறேன். அட்டை, மை, வார்னிஷ், கயிறு, பசை என்று உள்ளே வருகிற எல்லாப் பொருளுக்கும் நான்தான் பொறுப்பு. காலண்டரும் பட்டாசுப் பெட்டியும் அச்சடித்துக்கொண்டிருந்த எங்கள் கம்பெனிக்கு, வெளிநாட்டில் சோப்பு விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் வந்தது. கூடவே தலையணை தடிமனுக்கு ஒரு படிவமும் வந்தது. டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, யார் செய்கிறார்கள், மண்ணுக்கோ தண்ணீருக்கோ ஆளுக்கோ கெடுதல் செய்வது அதில் ஏதாவது உண்டா, இருந்தால் அதை எதற்காகச் சேர்க்கிறீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள்.

பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"விசாரிக்கட்டும். நல்ல இடம்மா. எழுதிக் குடுங்க" என்றார்.

எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதத்தான், இத்தனை வருஷமாக எதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. டப்பா பளபளவென்று இருப்பதற்காக மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளை நிறுத்தினோம். அந்தத் தாள் ஒட்டிய அட்டையைப் பழைய பேப்பர் ஆலைக்காரர்கூட வாங்க மாட்டார். வழியில் உள்ள ஓடையில் அது மக்காமல் கிடப்பதை நான் தினமும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக்குக்குப் பதில் தண்ணீரில் கரையும் வார்னிஷ் வந்தது. முதலாளி முதல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தேய்க்காத தலை மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அட்டைக்குக் கழிவுத்தாளில் செய்யும் ஆலையைப் பிடித்தேன். வெட்டி மீந்த துண்டுகள் அதே லாரியில் அதே ஆலைக்குத் திரும்பிப் போக ஏற்பாடு செய்தேன். அதற்காக அந்த லாரிக்காரரிடம் நான் போட்ட சண்டையைக் கம்பெனியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில் பசை ஒன்று பாக்கி நின்றது.

எங்களுக்குப் பசை காய்ச்சித் தருவது என் மதினி. அண்ணன் பெண்டாட்டி. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே அவளும் தெருப் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகை போட்டு, மைதா மாவில் பசை காய்ச்சுகிறார்கள். எங்கள் டப்பாக்களை வீடுகளில் வைத்து ஒட்டுபவர்களுக்கு வாளி வாளியாக அந்தப் பசைதான் போகிறது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் முன்பு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள். ஒருத்திக்கு இடது காதை ஒட்டித் தீக்காயத் தழும்பு உண்டு. அவள் எப்போதும் தலைமுடியை அந்தப் பக்கமாக இழுத்து விட்டிருப்பாள். மதினியும் மருந்து அறையில்தான் இருந்தாள். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. கூட வேலை பார்த்தவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பிக் கொண்டுவரவில்லை. "இனி அந்த கேட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், கொட்டகை போட்டபிறகுதான் மறுபடியும் வேலை என்று எழுந்தாள். மருந்து வாடை இல்லாத வேலை எங்கள் பக்கத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

அந்தப் பசையில் மயில்துத்தம் இருக்கிறது. நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும் விஷம். அதைப் பொடித்து மாவில் கலந்துவிட்டால் பசை லேசான நீலமாக இருக்கும். பூச்சி வராது, எலி கடிக்காது, நாலு நாள் ஆனாலும் கெடாது. எங்கள் பக்கத்தில் பசை என்றால் அந்த நிறம்தான். படிவத்தில் அதன் பெயரை எழுதியதும் முதலாளி யோசிக்காமல் ஒரு வழி சொன்னார்.

"பசைதானம்மா, ட்ரம்ல வாங்கிருவோம். வடக்கேருந்து வரும். சர்டிஃபிகேட்டோட வரும். நமக்கும் தலவலி இல்ல."

"அந்த ட்ரம் பிளாஸ்டிக்தான? அவ்வளவு தூரம் லாரியில வருமே, அத எந்தக் கட்டத்துல எழுத?"

"அத அவங்க கேக்கலையே."

கேட்கவில்லைதான். ஆனால் ட்ரம் வந்தால் கொட்டகை மூடும். கொட்டகை மூடினால் ஆறு பேரும் எங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஒரு மாதம் கொடுங்கள், மயில்துத்தம் இல்லாத பசையை நான் கொண்டுவருகிறேன் என்றேன். அடுத்த மாதக் கடைசியில் சோப்புக் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்புகிறார்கள், அதுவரை பாருங்கள், அதற்குள் சரிவரவில்லை என்றால் ட்ரம்தான் என்றார் அவர்.

நான் போனபோது மதினி புது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த உடனே, தண்ணீர்கூட ஊற்றாமல், காய்ந்த மாவிலேயே நீலப் பொடியைத் தூவிக் கையால் பிசறினாள். அவள் நகங்களின் ஓரம் முழுக்க நீலம். உள்ளங்கையில் சித்திரை மாதத்துக் கண்மாய் மாதிரி வெடிப்பு.

"காய்ஞ்ச மாவுல எதுக்கு மதினி கலக்குறீக? கொதிக்கும்போது போட்டா பத்தாதா?"

"அப்பிடித்தான் பழக்கம்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஆறு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மயில்துத்தம் போடாமல் பசையா? எலி டப்பாவைப் பூராத் தின்றுவிடும், அப்புறம் கம்பெனி எங்களைத்தானே கேட்கும் என்று காதோரம் தழும்பு உள்ளவள் சண்டைக்கு வந்தாள். மதினிதான், "அவ சொன்னா காரணம் இருக்கும். செஞ்சு பாப்போம்" என்று பேச்சை முடித்தாள். அவளுக்கு என்மேல் எப்போதும் அப்படி ஒரு நம்பிக்கை. நான் அதற்கு லாயக்குதானா என்பது வேறு விஷயம்.

முதல் முறை காய்ச்சிய பசையில் ஒட்டின டப்பாக்கள் வந்தன. அழகாக ஒட்டியிருந்தது. நீலம் இல்லை. ஆனால் டப்பாக்களை மடித்துக் கட்டுகிற பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தும்ம ஆரம்பித்தார்கள். முதலாளி ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடினார். நான் போனைப் போட்டேன்.

"மதினி, பசையில என்ன போட்டீக?"

"ஒண்ணும் இல்ல தாயி, கொஞ்சம் மொளகாப்பொடி. விருதுநகர் சம்பா. எலி வராதுல்ல?"

"சோப்புப் போட்டுக் குளிக்கிறவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

போனில் பின்னால் ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிளகாயில் பிறந்து மிளகாயில் வளர்ந்த மாவட்டத்துக்காரிக்குத்தான் அந்த யோசனை வரும்.

இரண்டாவது முறை எதுவுமே போடவில்லை. வெறும் மாவும் தண்ணீரும். பசை வெள்ளை வெளேரென்று வந்தது. ஒட்டின டப்பாக்களை நன்றாகக் காயவைத்துக் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கினோம். ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தேன். பூச்சி இல்லை, எலி இல்லை. உண்மையில் நன்றாகக் காய்ந்துவிட்ட அட்டையை எலி சீண்டுவதில்லை. இத்தனை வருஷம் யாரும் போடாமல் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டு வைத்தேன்.

அப்போதுதான் மாவு குறைய ஆரம்பித்தது.

சோதனைக் காலம் என்பதால் மாவு மூட்டை கம்பெனியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு மூட்டை ஆறு நாள் வரும். இப்போது நாலு நாளில் அடுத்த மூட்டை கேட்டார்கள். ஒட்டின டப்பா அதே அளவுதான். மூன்றாவது மூட்டையும் அப்படியே போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், மூட்டை போன சீட்டுகளை என் முன்னால் நகர்த்தி வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சும்மா இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் சொந்தக்காரர்களுக்காக நான் பேசினேன், என் சொந்தக்காரர்களே என்னைக் கவிழ்க்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று மத்தியானமே கிளம்பிப் போனேன். நல்ல வெயில். கொட்டகைக்குள் அடுப்புச் சூடு வேறு. ஆறு பேரும் இருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"என்ன மதினி, மாவு வீட்டுக்குப் போகுதா?"

பசை கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தழும்புக்காரி தலைமுடியைக் காதுப் பக்கம் இழுத்துவிட்டாள். மதினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை "புள்ள" என்றும் "தாயி" என்றும் கூப்பிட்டவள், ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள்.

"மூட்டை அங்கன இருக்கு மேடம். நீங்களே பாத்துக்கோங்க."

பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல், தட்டில் வைத்து. நான் அதை வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி என்னுடையது இல்லை என்று உறைத்தது. "மாவு வீட்டுக்குப் போகுதா?" அதே வார்த்தை, அதே இழுப்பு. அது எங்கள் சிறுவயதில் தீப்பெட்டி ஒட்டும் கொட்டகையில் இருந்த கணக்கப்பிள்ளையின் கேள்வி.

எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா அங்கே பெட்டி ஒட்டுவாள், என்னையும் கூட்டிப்போவாள். வீட்டில் விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சோறும் இல்லை. கணக்கப்பிள்ளை காலையில் வந்ததும் மாவு மூட்டையை எல்லோருக்கும் நடுவில் வைத்துப் பிரிப்பார். பிரித்த கையோடு நீலப் பொடியைக் கொட்டிக் கலப்பார். கலந்து முடித்துவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பார்வைக்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. பூச்சிக்கென்றால் கொதிக்கும்போது போட்டால் போதும். காய்ந்த மாவைத்தானே மடியில் கட்டிக்கொண்டு போக முடியும்.

ஒரு நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. புதிதாக இறக்கின பசை கலயத்தில் ஆவி பறக்க, கூழ் மாதிரி இருந்தது. நான் விரலை விட்டு எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். நாக்கில் பட்டதும் பளார் என்று கையில் ஓர் அடி. பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்கா. அவளுக்குப் பதிமூன்று வயது இருக்கும், எங்கள் தெருதான். என்னைத் தரதரவென்று தண்ணீர்ப் பானைக்கு இழுத்துக்கொண்டு போய், விரலை வாய்க்குள் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே முதுகில் இன்னும் ரெண்டு வைத்தாள். நான் அழுதேன். என்னைவிட அவள்தான் அதிகமாக அழுதாள்.

"திங்காத. சத்தியமாத் திங்காத. இது நாம திங்கக் கூடாதுன்னே கலக்குறது."

பாவாடை முடிச்சில் வைத்திருந்த வறுத்த புளியங்கொட்டையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். கடித்தால் பல் உடையும். வாயில் அடக்கிக்கொண்டே சாயங்காலம் வரை இருந்தேன். சில வருஷம் கழித்து அவள்தான் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியாக வந்தாள்.

அவளைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதுவும் ஐந்து பேருக்கு முன்னால்.

மறுநாள் விடிந்ததும் விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. என்ன சொல்வது என்று வழி நெடுக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போனபோது மதினி மட்டும் இருந்தாள். முந்தின நாள் மீந்த பசையை, வாளி வாளியாக, பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். புளித்த வாடை மூக்கில் ஏறியது. இரண்டு மாடுகளும் தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டிருந்தன.

மாவு எங்கே போகிறது என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மயில்துத்தம் போட்ட பசை நாலு நாள் இருக்கும். காலையில் பெரிய அண்டாவில் ஒரே தடவையாகக் காய்ச்சுவார்கள்; மீந்ததை மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். வெறும் மாவுப் பசை எங்கள் ஊர் வெயிலில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

"மதினி, புளிச்சுப் போகுதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"சொன்னா? கெட்டுப் போற பசைன்னு ஒங்க கம்பெனில ட்ரம்ம எறக்கிருவாக. இவளுக எல்லாம் திரும்ப மருந்து ரூமுக்குப் போகணும். ஒங்களுக்கும் கெட்ட பேரு. அதான் மாட்டுக்கு ஊத்துனேன். மாடாவது திங்கட்டும்னு."

'ஒனக்கும்' என்று சொல்லாமல் 'ஒங்களுக்கும்' என்றாள்.

"நான் நேத்துக் கேட்டது தப்பு மதினி. அந்தக் கணக்கப்பிள்ளை கேட்ட மாதிரியே கேட்டுட்டேன்."

"ஆமா" என்றாள். "அவரு கேட்டப்ப கஞ்சிக்கு இல்லாத காலம், பொறுத்துக்கிட்டோம்."

நான் மாட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மாடுகள் பார்க்க. மதினி மிச்சப் பசையையும் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "காப்பி குடிச்சீகளா?" என்று கேட்டாள். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் காப்பி தட்டில் வரவில்லை.

அதன்பிறகு உட்கார்ந்து பேசினோம். இந்தத் தடவை நான் பேசியது குறைவு. அண்டாவில் ஒரே முட்டாகக் காய்ச்சுவதை விட்டுவிட்டு, சின்னச் சட்டியில் காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று தடவை, அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சலாம் என்று தழும்புக்காரிதான் சொன்னாள். வீட்டுக்கு வீடு எவ்வளவு ஒட்டுகிறார்கள் என்று அவளுக்கு விரல் நுனியில் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் படிகாரம் போட்டால் ஒரு ராத்திரி தாங்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார், சவரத்துக்குப் பிறகு முகத்தில் தேய்க்கிற அதே கல். விருதுநகர் கடைத்தெருவில் நானே போய் வாங்கி வந்தேன். ஒரு வாரத்தில் மூட்டை மறுபடியும் ஆறு நாள் வந்தது. அதற்கடுத்த மூட்டை ஏழாம் நாளும் கொஞ்சம் மிஞ்சியது. பக்கத்து வீட்டு மாடுகள் இரண்டும் கொட்டகைப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன என்று மதினி சொன்னாள். என்னிடம் சொன்னாள் என்பதே எனக்குப் பெரிசாக இருந்தது. மேடம் போய்விட்டது, தாயி இன்னும் வரவில்லை.

ஆய்வுக்கு வந்தது ஓர் இளம்பெண். சென்னையிலிருந்து வந்திருந்தாள். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கொட்டகை வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். அவ்வளவு சுத்தமாக அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் சட்டி, தண்ணீர், அடுப்பு, கழிவுநீர் போகும் ஓடை எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். ஒரு சின்னப் பாட்டிலில் பசையைப் பிடித்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து வரும் பதில்தான் முடிவு என்றாள். பிறகு படிவத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி மயில்துத்தம் போட்டிருக்கீங்க. எதுக்காகச் சேர்த்தீங்கன்னு இங்க எழுதலையே?"

அந்தக் கட்டத்தை நான்தான் வெறுமையாக விட்டிருந்தேன். எழுதப் போகும்போதெல்லாம் பேனா நின்றுவிட்டது.

"எலிக்குங்க" என்றார் முதலாளி. "பூச்சி, எலி வராம இருக்க."

"எலிக்குந்தான்" என்றாள் மதினி.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "வேற எதுக்கு?"

மதினி அவளைப் பார்த்துப் பேசவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னாள்.

"பசிக்குத் தின்னுருவோம்னு பயந்தாக. நாங்க சின்னப் பிள்ளைக. மாவைப் பாத்தா கை போகும்ல. அதான் வெசத்தக் கலந்து வச்சாக. பெறவு பசி போயிருச்சு, கலக்குற பழக்கம் மட்டும் போகல. இம்புட்டு வருசமும் எங்க கையாலயே நாங்களே கலந்தோம். எதுக்குன்னு யாரும் கேக்கல. ஒங்க தாளுலதான் கேட்டிருக்காக."

முதலாளி தரையைப் பார்த்தார். அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். நான் படிவத்தை வாங்கி, அந்தக் கட்டத்தில் மதினி சொன்னதை அப்படியே எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதி முடித்தேன்.

பதில் வரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் நான் கம்பெனியில் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை என்று சொல்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் முதலாளி என் மேசைக்கு வந்தார். பசையில் ஒன்றும் இல்லை, ட்ரம் வேண்டாம், கொட்டகையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, பட்டாசுப் பெட்டிக்கும் இனி அதே பசையைச் சொல்லிவிடுங்கள் என்றார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

போனில் சொல்ல மனசு வரவில்லை. ஒரு கிலோ மிச்சரும் அல்வாவும் வாங்கிக்கொண்டு ஓடினேன். உச்சிவேளைப் பசை அடுப்பில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். யாரும் கத்தவில்லை, குதிக்கவில்லை. தழும்புக்காரி மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முடியை இரண்டு கையாலும் பின்னால் ஒதுக்கி, கொண்டை போட்டுக்கொண்டாள். அவள் காதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன்.

"அத வையி" என்றாள் மதினி. "ஏ, சீனி டப்பாவ எடு."

படிகாரம் போடுவதற்கு முன்னால், சட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பசையை எடுத்தாள். வெறும் மாவு, வெறும் தண்ணீர். சீனியைப் போட்டுக் கலக்கினாள். ஐந்து பேரும் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், திருட்டுத்தனமாகச் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். வெடிப்பு ஆற ஆரம்பித்திருந்தது. நகத்து ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை நீலம் மிச்சம் இருந்தது. என் கையைத் தட்டிவிட்ட கை அது.

"வாயத் தெற தாயி" என்றாள். "இப்பத் திங்கலாம்."

பெரிய ருசி என்று ஒன்றும் இல்லை. நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது, சீனி சரியாகக் கரையவில்லை. நான் இன்னொரு வாய் கேட்டேன்.